ஒன்லைன் டிகிரியை முடிக்கிற ஆக்கள் எப்பிடி முடிக்கினம்?

கணக்குப்பிள்ளை06 · செவ்வாய், இரவு 10.42

இது முறைப்பாடும் இல்லை, விளம்பரமும் இல்லை. அறியத்தான் கேக்கிறன்.

2021ல ஒரு தனியார் நிறுவனத்தில (பேர் வேண்டாம்) வணிக முகாமைத்துவ டிகிரிக்குச் சேர்ந்தன். முழுக்க ஒன்லைன். பகல்ல புறக்கோட்டையில ஒரு ஹாட்வெயார் கடையில கணக்கு வேலை. ஆறு மணிக்கு வெளிக்கிட்டு 101 பஸ்ஸில தொங்கிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்து, தேத்தண்ணி குடிச்சு லப்டொப்பைத் திறக்க ஏழரையாகும். முதல் மாசம் நல்லாத்தான் போச்சு. ரெண்டாம் மாசம் காய்ச்சல் வந்து ரெண்டு கிழமை விட்டன். நாலு பாடம், ஒவ்வொண்டும் கிழமைக்கு ரெண்டு மணித்தியால ரெக்கோடிங். அப்ப 16 மணித்தியாலம் கடன். வட்டி மாதிரி அது ஏறிக்கொண்டே போச்சு. டெஸ்க்டொப்பில "பிறகு பாக்க" எண்டு ஒரு ஃபோல்டர் போட்டன். ஏழாம் மாசம் லொகின் பாஸ்வேர்டே மறந்து போச்சு.

இதில எனக்கு இன்னும் உறுத்துறது ஒண்டுதான். அந்த ஏழு மாசத்தில அங்கயிருந்து என்னைத் தேடி வந்தது காசுப் பிரிவு மட்டும். தவணைக் காசு மூண்டு நாள் பிந்தினதுக்கு ரெண்டு கோல், ஒரு எஸ்எம்எஸ், ஒரு ஈமெயில். நாலு மாசமா நான் ஒரு வகுப்புக்கும் வரேல்லை. அது ஒருத்தற்ர கண்ணிலயும் படேல்லை.

இப்ப வயசு 31. திரும்பச் சேருவம் எண்டு நினைக்கிறன். "ஒருக்கா கடல்ல போட்ட காசு காணாதோ" எண்டு அக்கா கேக்கிறா. முடிச்ச ஆக்கள் சொல்லுங்கோ, எது உங்களை முடிக்க வைச்சது? படிப்பிக்கிற ஆக்களும் இருந்தால் உங்கட பக்கத்தைச் சொல்லுங்கோ. எந்த இடம் நல்லம் எண்டு கேக்கேல்லை. காசு கட்ட முதல் எதைப் பாக்கவேணும் எண்டு கேக்கிறன்.


தெஹிவளை_டெவ் · செவ்வாய், இரவு 10.58

டிசிப்ளின். அவ்வளவுதான். அது இருந்தா யூடியூப்பிலயே டிகிரி அளவு படிக்கலாம்.


மூடில்காரன் · செவ்வாய், இரவு 11.20

தம்பி டெவ், உமக்குப் பிறகு பதில் சொல்லுறன்.

தங்கச்சி, நான் ஒரு கம்பஸில எல்எம்எஸ் (பாடங்களை ஏத்தி வைக்கிற ஒன்லைன் தளம்) பாக்கிற ஆள். எங்களிட்ட இருக்கிறது மூடில். இந்த நாட்டில கனக்க இடங்களில அதுதான், சும்மா கிடைக்கிற மென்பொருள், 2002ல வந்தது. அதில ஒரு பாடத்தைத் திறந்து பங்குபற்றுநர் பட்டியலுக்குப் போனால் ஒவ்வொருத்தற்ர பேருக்கு நேரையும் அந்தப் பாடத்துக்குக் கடைசியா எப்ப உள்ள வந்தவர் எண்டு நிக்கும். அந்த நிரலின்ர தலைப்பை ஒருக்கா அழுத்தினால் கனநாள் வராத ஆக்கள் எல்லாரும் மேல வந்து வரிசையா நிப்பினம். நாலு நிமிஷ வேலை. உங்களை நாலு மாசம் காணேல்லை எண்டது அந்தப் பட்டியல்ல ஒவ்வொரு நாளும் இருந்திருக்கும். பாக்கிறது ஒருத்தற்ர வேலையா இருக்கேல்லை, அவ்வளவுதான். காசு பிந்தினதைப் பாக்கிறதுக்கு மாத்திரம் ஆள் வைச்சிருக்கினம்.

இத்தனை வருஷம் லொக் (ஆர் எப்ப உள்ள வந்தவை எண்ட பதிவு) பாத்ததில நான் கண்டது: முதல் ரெண்டு கிழமை வராத பிள்ளை பிறகு வாறது அபூர்வம். நடுவில ஒரு கிழமை விடுறவை திரும்பி வருவினம், ஆராவது கூப்பிட்டால். எங்கட ஒரு டிப்பாட்மெண்டில ஒரு இன்ஸ்ரக்டர் பிள்ளை இருந்தவ. ஒவ்வொரு திங்களும் அந்தப் பட்டியலைப் பாத்து, பத்து நாளா வராத ஆக்களுக்கு வட்ஸ்அப்பில "சுகமா? இந்தக் கிழமை வினா நாலாவதிலயிருந்து தொடங்கினாக் காணும்" எண்டு போடுவா. அந்தப் பாடத்தில விட்டுட்டுப் போற ஆக்கள் குறைவு. அவ வேற வேலைக்குப் போனாப் பிறகு அதே பாடம், அதே வீடியோ, அதே சேர். ஆனா பட்டியலின்ர மேல்பக்கம் நீண்டுகொண்டு போச்சு.

ஆகையால காசு கட்ட முதல் கேக்கவேண்டிய முதல் கேள்வி: "நான் பத்து நாள் வராட்டி ஆர் என்னைக் கூப்பிடுவினம்?" ஒரு ஆளின்ர பேர் வரவேணும். "சிஸ்டம் தானா ஈமெயில் அனுப்பும்" எண்டால் எழும்பி வாங்கோ.


மலைக்காற்று · புதன், காலை 6.15

மூடில் அண்ணா சொல்றது சரி. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் இருக்கு, சிக்னல்.

2020 மார்ச்ல கம்பஸ் மூடினப்ப நான் முதல் வருஷம். போர்டிங்கை விட்டுட்டு ஹட்டன் பக்கம் தோட்டத்துக்குப் போயிட்டேன். வீட்டுல ஒரே ஒரு ஸ்மார்ட் போன், நாங்க மூணு பேர் படிக்கிறோம். தம்பிக்கு ஓ லெவல் கிளாஸ். லயத்துக்குள்ள சிக்னல் வராது, மேல தேயிலை மலைக்கு ஏறினாத்தான் வரும். அட்டை கடிக்கும், மழை வந்தா குடைக்குள்ள போனை வச்சுக்கிட்டு நிக்கணும். அந்த நேரம் கம்பஸ் எல்எம்எஸ்ஸுக்கு டேட்டா கழியாதுன்னு விட்டாங்க, அது பெரிய உதவி. ஆனா சில சேர்மார் வீடியோவை யூடியூப்ல போட்டுட்டு லிங்கை மட்டும் எல்எம்எஸ்ல ஒட்டினாங்க. லிங்கை அழுத்தின உடனே நம்ம ரீலோட் காசு கரையும். அவங்களுக்கு அது தெரியவே இல்ல. ரெப் மூலமா சொல்லி ரெண்டு மாசம் கழிச்சுத்தான் மாத்தினாங்க.

ஒரே ஒரு மிஸ் மட்டும் ஒவ்வொரு லெக்சருக்கும் எட்டுப் பக்க நோட் பிடிஎஃப்பா போடுவாங்க, ஒரு எம்பி கூட வராது. கீழ அஞ்சு கேள்வி. பதிலை பேப்பர்ல எழுதி போட்டோ எடுத்து அனுப்பணும். அந்தப் பாடத்துல எங்க பட்ச்ல தோட்டத்துப் பிள்ளைங்க யாரும் ஃபெயில் இல்ல. டெவ் அண்ணாவுக்கு: டிசிப்ளின் எங்களுக்கும் இருந்துச்சு. மலை ஏறினோமே.


தெஹிவளை_டெவ் · புதன், காலை 8.03

மன்னிச்சுக்கொள்ளு தங்கச்சி. அந்தப் பக்கம் நான் யோசிக்கேல்லை.


மூடில்காரன் · புதன், காலை 8.40

மலைக்காற்றுப் பிள்ளை சொன்னதுக்கு ஒரு விளக்கம். கழியாமல் விட்டது பல்கலைக்கழகங்களின்ர சேர்வருகளுக்கும், லேர்ன் ஊடா நடந்த சூம் வகுப்புகளுக்கும்தான். லேர்ன் எண்டது பல்கலைக்கழகங்களை இணைக்கிற கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு. யூடியூப்பும் கூகுள் ட்ரைவும் அதுக்குள்ள இல்லை. நாங்கள் விரிவுரையாளர்களுக்கு மெயில் போட்டனாங்கள்தான். ஆனா எல்எம்எஸ்ஸில பெரிய ஃபைல் ஏத்த விடாமல் அளவைக் குறைச்சு வைச்சிருந்ததும் நாங்கள்தான். அவையும் வேற வழியில்லாமல்தான் யூடியூப்புக்குப் போனவை. பழி எங்கட பக்கமும் இருக்கு.


நாவலைப்பக்கம் · புதன், மாலை 4.30

நான் வருகைதரு விரிவுரையாளர். இரண்டு இடங்களில் படிப்பிக்கிறேன், ஒன்று முழுமையாக இணையவழி.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். 2020இல் மண்டபத்தில் இரண்டு மணித்தியாலம் பேசுவதை அப்படியே சூமுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். 140 கறுப்புப் பெட்டிகள். "கேட்கிறதா?" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பேன். யாரோ ஒரு பிள்ளை "யெஸ் மிஸ்" என்று தட்டும். அந்த ஒரு பிள்ளைதான் முழு வகுப்பும் என்று நானும் நம்பிக்கொண்டேன். பரீட்சைத் தாள் திருத்தியபோதுதான் அந்த "யெஸ்" எவ்வளவு பெறுமதியானது என்று விளங்கியது.

அதன்பிறகு கொஞ்சம் வாசித்தேன். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் ஏறத்தாழ 69 இலட்சம் வீடியோப் பார்வைகளை ஆராய்ந்து 2014இல் பிலிப் குவோவும் அவரது சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆறு நிமிடத்துக்கு மேல் நீண்டால் மாணவர் கழன்றுவிடுகிறார்கள் என்பது அதில் எல்லோரும் எடுத்துச் சொல்லும் வரி. நான் உடனே ஓடிப்போய் என் இரண்டு மணித்தியாலத்தை இருபது துண்டாக வெட்டினேன். பயனில்லை! புளித்த தோசையை எத்தனை துண்டாக வெட்டினாலும் புளிப்புப் போகாது. துண்டுகளுக்கு நடுவில் மாணவர் செய்ய ஒன்றும் இல்லை என்பதே என் பிழை.

வேலை செய்தது வேறு. ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் மூன்று கேள்விகள், வெள்ளிக்கிழமை இரவு ஒரு சிறு வினாவிடை, அதற்கு மொத்தப் புள்ளியில் ஒரு சிறு பங்கு. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் காட்டியது இதைத்தான்: ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, அதை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு கிழமை கழித்து அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்ப வாசித்தவர்களே முந்துகிறார்கள் என்பதுதான் இதில் உள்ள வேடிக்கை. ரெக்கோடிங்கை இரண்டாம் தரம் பார்க்கும் பிள்ளைக்கு "எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது" என்று ஏன் தோன்றுகிறது என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.

கணக்குப்பிள்ளை தங்கைக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும், அவ்வளவு இனிப்பானதல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துச் சமூகக் கல்லூரிகளில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களின் பெறுபேறுகளை சூ, ஜாகர்ஸ் என்ற ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். இணையவழிப் பாடங்களில் பொதுவாகவே எல்லோரும் சற்றுச் சறுக்குகிறார்கள், ஏற்கெனவே புள்ளி குறைந்தவர்கள் அதிகமாகச் சறுக்குகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைக்கு எந்த முறையும் ஒத்துப்போகும். கை பிடித்துவிட ஆள் தேவைப்படுகிற பிள்ளையிடமிருந்துதான் இந்த முறை முதலில் கையை எடுக்கிறது.


பம்பலப்பிட்டி மாஸ்டர் · புதன், இரவு 9.10

மிஸ் ஆய்வெல்லாம் சொல்லிப்போட்டு கடைசி வரியில உண்மைக்கு வந்திட்டா. 22 வருஷமா ஏ லெவல் பொருளியல் ரியூஷன் எடுக்கிறன். எங்கட பிள்ளையளுக்கு ஹோல் வேணும். வெக்கையில வாங்கில நெருக்கி இருந்து, பக்கத்தில இருக்கிறவன் எழுதுறானே எண்டு தானும் எழுதுற படிப்புத்தான் மண்டையில நிக்கும். கொரோனாக் காலத்தில நானும் சூம் எடுத்தனான். காசு கட்டினவை 90 பேர், உள்ள வந்து நிண்டவை 60 பேர், உண்மையில கேட்டவை எத்தனை பேர் எண்டு முருகனுக்குத்தான் தெரியும்.


பழைய பட்ச் · புதன், இரவு 9.25

மாஸ்டர், உங்கட ஹோல்ல நானும் இருந்தனான். பின் வாங்கில நாங்கள் என்ன செய்தனாங்கள் எண்டு முருகனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 🙂


பம்பலப்பிட்டி மாஸ்டர் · புதன், இரவு 9.31

ஆரடா நீ. எந்த வருஷம்?


கொட்டாஞ்சேனை உம்மா · புதன், இரவு 11.50

புள்ளைகள் தூங்கின பொறகுதான் எனக்கு நேரம், அதான் பிந்திட்டேன்.

மாஸ்டர் சேர், ஹோல் வேணும்டு சொல்ற ஆக்கள் எங்கள மாதிரிப் பொம்பளைகள நெனைக்கிறதில்ல. ஏ லெவல் முடிஞ்ச வருஷமே கலியாணம். ரெண்டு புள்ளைகளுக்குப் பொறகுதான் திறந்த பல்கலைக்கழகத்துல சேர்ந்தேன். எனக்கு ரெக்கோடிங் இல்லாட்டிப் படிப்பே இல்ல. ராவு பதினொண்டுக்கு காதுல இயர்போன், மடியில சின்னவன். ஆறு வருஷம் போச்சு, முடிச்சேன். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனா தங்கச்சி, வெறும் ரெக்கோடிங்கால முடிக்கல்ல. நாவலைல டே ஸ்கூல்டு நேர்ல வகுப்பு வைப்பாங்க, அதுக்கு 176 பஸ்ல போவேன். கொட்டாஞ்சேனைல ஏறினா நேரே கொண்டுபோய் விடும். மாசத்துல ஒண்டு ரெண்டு தரம்தான், ஆனா அங்கதான் நாலு பொம்பளைகள் சேர்ந்தோம். ஒருத்தி வத்தளை, ஒருத்தி மட்டக்குளி, ஒருத்தி கல்முனையில இருந்து கலியாணம் முடிச்சு வந்தவ. வட்ஸ்அப்புல குரூப் போட்டோம். தொடர் மதிப்பீட்டுல புள்ளி காணாட்டி இறுதிச் சோதனைக்கே இருக்க ஏலாது, எலிஜிபிலிட்டிண்டு சொல்வாங்க. அந்தப் பயம் நல்ல பயம். வருஷக் கடைசிலதான் விழுந்தோம்டு தெரியவாறது இல்ல, அடுத்த அசைன்மெண்டுலயே தெரிஞ்சிரும்.

2022ல கரண்ட் வெட்டின நேரம் எங்களுக்கு கடைசி வருஷம். மார்ச் முடிவுல 13 மணித்தியாலம் வெட்டினாங்களே. ஏ, பி, சிண்டு எழுத்துப் போட்டு ஏரியா ஏரியாவா நேரம் வரும். நாங்க நாலு பேரும் நாலு எழுத்து. யாருக்கு கரண்ட் ஈக்குதோ அவ லெக்சரைக் கேட்டு, நாலு வொய்ஸ் மெசேஜ்ல சுருக்கிப் போடுவா. டவரும் படுத்துச்சிண்டா காலைல சுபஹு தொழுதுட்டுக் கேப்பேன். லெக்சரர் பேசினத விட மட்டக்குளிக்காரி பேசினது நல்லா விளங்கிச்சு, அது வேற கதை.


மலைக்காற்று · வியாழன், காலை 6.40

உம்மா சொன்னதுல எனக்கு அழுகையே வந்துருச்சு.

மொழி விஷயத்த யாரும் பேசல. லெக்சர் இங்கிலீஷ். நாங்க ஏ லெவல் வரைக்கும் தமிழ். ஹோல்ல இருந்தா விளங்காத சொல்லைப் பக்கத்துல இருக்கிறவகிட்ட கேட்டுக்கலாம், லெக்சரர் நம்ம முகத்தைப் பாத்து திருப்பிச் சொல்லுவாங்க. சூம்ல அந்த முகம் இல்ல. எல்லாரும் பாக்கிற சட்ல பிழையான இங்கிலீஷ்ல கேள்வி எழுதறதுக்கு வெக்கம். அதனால கேக்காமலே விட்டுருவோம். ரெண்டாம் வருஷத்துல ஒரு சேர், பேர் தெரியாம கேள்வி போடற ஃபோர்ம் ஒண்ணு வச்சாரு, தமிழ், சிங்களம், இங்கிலீஷ் எதுலயும் எழுதலாம்னு. முதல் நாளே நாப்பது கேள்வி! அதுக்கு முந்தின கிழமை வரைக்கும் "எனி குவெஸ்டின்ஸ்?"னு கேட்டு அஞ்சு செகண்ட் பாத்துட்டு லீவ் பண்ணிட்டுப் போன அதே வகுப்பு.

கேமராவைப் போடுன்னு கட்டாயப்படுத்தறதும் அப்படித்தான். எங்க லயத்து அறை, பின்னாடி அம்மா சமைக்கிறாங்க. அதை 120 பேருக்குக் காட்ட எனக்கு மனசு வரல. ஒரு நாள் ஒருத்தர் கேமரா போடலன்னு வரவு வெட்டினாரு.


நாவலைப்பக்கம் · வியாழன், காலை 9.15

கேமரா விடயத்தில் நானும் குற்றவாளி. ஒரு தவணை கட்டாயப்படுத்தினேன். பிறகு விட்டுவிட்டேன். இப்போது வரவு என்பது அன்றைய வகுப்பு முடிவில் ஒரு கேள்விக்கு இரண்டு வரி எழுதுவது. எந்த மொழியிலும் எழுதலாம். முகத்தைவிட அந்த இரண்டு வரி அதிகம் காட்டிக்கொடுக்கிறது.

அந்தப் பெயரில்லாப் படிவத்தை இந்தக் கிழமையே வைக்கிறேன், மகள். இத்தனை வருடம் எனக்குத் தோன்றவில்லை என்பது வெட்கமாக இருக்கிறது.


தெஹிவளை_டெவ் · வியாழன், மதியம் 12.50

சரி, லஞ்ச் நேரம். என்ர டிசிப்ளின் கதையை நானே உடைக்கிறன்.

இந்த இழையை வாசிச்சிட்டு நேற்று இரவு என்ர கணக்குகளைத் திறந்து எண்ணினன். இலவசமும் காசு கட்டினதுமா இதுவரை 11 கோர்ஸ் தொடங்கியிருக்கிறன். முடிச்சது 2. அந்த ரெண்டும் எப்பிடி முடிஞ்சுது எண்டு யோசிச்சால், ரெண்டுக்கும் காசு கட்டினது ஒஃபிஸ், திங்கட்கிழமை மீட்டிங்கில மனேஜர் "எவ்வளவு தூரம்?" எண்டு கேப்பார். மிச்சம் ஒன்பதுக்கும் இருந்தது என்ர டிசிப்ளின்.

உலகக் கணக்கும் அப்பிடித்தான். எம்ஐடியும் ஹார்வர்ட்டும் எட்எக்ஸில 2012ல தொடங்கின இலவசப் பாடங்களை ரெண்டு ஆய்வாளர்கள் தொடர்ந்து பாத்து 2019ல சயன்ஸ் சஞ்சிகையில எழுதினவை. 2017-18ல சேர்ந்த ஆக்களில முடிச்சவை 3.13 வீதம். உலகத்திலயே பேர் போன பேராசிரியர்மார், நல்ல வீடியோ, எல்லாம் இருந்தும் அவ்வளவுதான். சும்மா எட்டிப் பாக்க வந்தவையும் அதுக்குள்ள இருக்கினம் எண்டது உண்மை. காசு கட்டிச் சான்றிதழுக்கு வந்தவை கனக்க முடிச்சிருக்கினம்.

2013ல கலிபோர்னியாவில சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் உடாசிட்டி எண்ட கொம்பனியோட சேர்ந்து கணிதப் பாடங்களை ஒன்லைனில விட்டுது. முதல் சுற்றிலயே பாதிக்கு மேல சித்தியில்லை, அந்த வருஷமே இடையில நிப்பாட்டி வைச்சவை. அடுத்த வருஷம், 2014 ஜனவரியில, அதே உடாசிட்டியோட ஜோர்ஜியா டெக் கணினி முதுமாணி தொடங்கிச்சுது. அப்ப மொத்தக் கட்டணம் 7,000 டொலருக்குக் கீழ எண்டு அறிவிச்சவை. இப்ப பத்தாயிரத்துக்கு மேல பட்டம் வாங்கிட்டினம். கொம்பனி ஒண்டு, தொழில்நுட்பமும் கிட்டத்தட்ட ஒண்டு. முதலாவதில கணிதத்தில ஏற்கெனவே தடுமாறின பிள்ளையள். ரெண்டாவதில வேலை செய்துகொண்டிருக்கிற பட்டதாரிகள், தவணை, கெடு திகதி, கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு பட்டாளம் உதவி ஆசிரியர்கள். நாவலை மிஸ் சொன்ன சூ, ஜாகர்ஸ் கதைதான் இது.


பம்பலப்பிட்டி மாஸ்டர் · வியாழன், பின்னேரம் 5.05

அப்ப நான் சொன்னதும் அதுதானே. ஆள் வேணும்.


நாவலைப்பக்கம் · வியாழன், மாலை 6.20

ஆள் வேண்டும், மாஸ்டர். மண்டபம் வேண்டும் என்று நீங்கள் சொன்னதைத்தான் நான் ஏற்கவில்லை. உங்கள் மண்டபத்தில் 200 பேர் இருந்தால் அங்கேயும் நீங்கள் வீடியோதான், சற்றுப் பெரிய திரை. அமெரிக்கக் கல்வித் திணைக்களம் 2009இல் பழைய ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது நேர்முகத்தையும் இணையவழியையும் கலந்தவை சற்று முன்னுக்கு நின்றன. ஆனால் அந்தக் கலப்பு வகுப்புகளில் மாணவர் செலவிட்ட நேரமும், கொடுத்த பயிற்சியும் கூட இருந்தன, அதனால் இணையத்துக்குப் புகழைக் கொடுத்துவிடாதீர்கள் என்று அவர்களே எழுதினார்கள். உம்மாவின் டே ஸ்கூல் எனக்கு இதைத்தான் நினைவூட்டுகிறது.

வெளியில் யாரும் பேசாத ஒன்று: இந்த வேலைக்குச் சம்பளம் இல்லை. வருகைதரு விரிவுரையாளருக்கு மணித்தியாலக் கணக்கில் கொடுக்கிறார்கள். சூமில் இருந்த இரண்டு மணித்தியாலம் கணக்கில் வரும். 60 பேரின் இரண்டு வரிகளை வாசித்துப் பதில் எழுதிய மூன்று மணித்தியாலம் வராது. இணையவழி மலிவு என்று நினைத்து ஒரு பாடத்துக்கு 300 பேரைச் சேர்க்கிறார்கள். வீடியோவுக்கு 300 பேர் பாரமில்லை, எனக்குப் பாரம். ஆகவே தங்கை, மூடில்காரனின் கேள்விக்குப் பக்கத்தில் இதையும் கேளுங்கள்: ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? அசைன்மெண்ட் எத்தனை நாளில், என்ன குறிப்போடு திரும்பி வரும்?


பழைய பட்ச் · வியாழன், இரவு 8.48

சோதனையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே. 2021ல எங்களுக்கு ஒன்லைன் எக்ஸாம். லப்டொப்பில பேப்பர், பக்கத்தில போனை நிமித்தி வைச்சுக் கையைக் காட்டவேணும். கை எழுதினது. தலைக்குப் பின்னால சுவரில என்ன ஒட்டியிருந்தது எண்டு போனுக்குத் தெரியாது. இப்ப சாட்ஜிபிடி வேற. எல்லாருக்கும் ஏ எண்டால் அந்த டிகிரியை ஆர் மதிக்கப்போகினம்?


மூடில்காரன் · வியாழன், இரவு 9.30

எங்கட ஒரு சேர் அதுக்கு ஒரு வழி கண்டவர். அசைன்மெண்டை வீட்டில எப்பிடியும் செய்யலாம். ஆனா பிறகு ஏழு நிமிஷம் கோலில வந்து "மூண்டாம் பக்கத்தில ஏன் இப்பிடி எழுதினீர்?" எண்டு கேப்பார். புத்தகத்தைத் திறந்து வைச்சும் பதில் சொல்லலாம். தான் செய்யாதவர் முதல் நிமிஷத்திலயே தெரிஞ்சிடுவார். 45 பேருக்குச் செய்யலாம், 300 பேருக்கு ஏலாது. மிஸ் சொன்ன இடத்துக்குத்தான் திரும்பவும் வாறம்.


கொட்டாஞ்சேனை உம்மா · வியாழன், இரவு 11.35

எங்களுக்கு கடைசிச் சோதனை ஹோல்லதான், அடையாள அட்டையோட. அதான் நல்லம். புள்ளையப் பாக்க அண்டைக்கு மாத்திரம் உம்மாவக் கூப்பிட்டேன்.


கணக்குப்பிள்ளை06 · சனி, காலை 10.20

எல்லாருக்கும் நன்றி. நேற்று அரை நாள் லீவு போட்டு மூண்டு இடத்துக்குக் கோல் எடுத்தன். பேர் சொல்லமாட்டன்.

முதலாவது இடத்தில, பத்து நாள் வராட்டி ஆர் கூப்பிடுவினம் எண்டு கேக்க, அந்தப் பிள்ளை "மிஸ், எங்களிட்ட 24 மணித்தியாலமும் வீடியோ பாக்கலாம்" எண்டா. திரும்பக் கேட்டன். திரும்பவும் அதையே சொன்னா. பிறகு இந்த மாசத்துக்குள்ள சேர்ந்தால் கழிவு எண்டா.

ரெண்டாவது இடத்தில ஆளே எடுக்கேல்லை. பின்னேரம் ஒரு வட்ஸ்அப் வந்தது, கட்டண விபரம் மட்டும்.

மூண்டாவது இடத்தில கொஞ்சம் வயசான ஒரு ஐயா எடுத்தவர். கேள்வியைக் கேட்டுட்டு அவர் உடன பதில் சொல்லேல்லை. "எங்களிட்ட 35 பேருக்கு ஒரு ரியூட்டர். ஆனா உண்மையைச் சொன்னால் எல்லா ரியூட்டர்மாரும் கூப்பிடமாட்டினம். ரெண்டு பேர் கட்டாயம் கூப்பிடுவினம்" எண்டார். அந்த ரெண்டு பேரின்ர பாடத்தை முதல் தவணையில எடுக்கலாமோ எண்டு கேட்டன். சிரிச்சுப்போட்டு ஓம் எண்டார். மாசத்தில ஒரு ஞாயிறு நேரில வரவேணுமாம். சோதனை ஹோல்லதான்.

முழு டிகிரிக்கும் காசு கட்டேல்லை. முதல் தவணைக்கு மட்டும் கட்டப்போறன், ரெண்டு பாடம் மட்டும். அக்காவிட்டச் சொன்னன். "பாப்பம்" எண்டா. அவவுக்கு அது பெரிய சம்மதம்.

இன்னொரு விஷயம். உம்மா சொன்ன நாலு பேர் எனக்கு இல்லை. வீட்டில படிக்க இருந்தால் டிவிச் சத்தம். 57ஆம் ஒழுங்கையில தமிழ்ச் சங்க நூலகம் எங்கட வீட்டில இருந்து நடை தூரம். சனி பின்னேரங்களில அங்க போய் இருக்கலாம் எண்டு நினைக்கிறன். இந்தப் பக்கம் ஆராவது ஏதாவது படிச்சுக்கொண்டு இருந்தால், என்ன பாடம் எண்டாலும் பரவாயில்லை, வாங்கோ.


மலைக்காற்று · சனி, காலை 10.41

அக்கா நான் இப்ப வெள்ளவத்தையிலதான் போர்டிங். ஃபைனல் இயர் ரிப்போர்ட் எழுதணும், மூணு மாசமா முதல் அத்தியாயத்துலயே நிக்கிறேன். இன்னைக்கே வரவா?


தெஹிவளை_டெவ் · சனி, காலை 11.02

என்னட்ட முடிக்காத ஒன்பது இருக்கு. நானும் வரலாமோ?


கணக்குப்பிள்ளை06 · சனி, காலை 11.10

ரெண்டு பேரும் வாங்கோ. மூண்டு மணி. டெவ், ஒண்டைக் கொண்டு வாரும், ஒன்பதையும் இல்லை.


பம்பலப்பிட்டி மாஸ்டர் · சனி, காலை 11.25

பழைய பட்ச், நீ 2011 பட்ச் தானே? கண்டுபிடிச்சிட்டன்.